விடுபட்ட எண்கள்

இதய நோய்க்குத் தரப்படும் டிஜாக்சின் என்ற மருந்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1971-இல் லிண்டன்பாம் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெவ்வேறு டிஜாக்சின் மாத்திரைகளை ஒரே அளவில் கொடுத்து ஒப்பிட்டனர். இரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு ஏழு மடங்கு வரை வேறுபட்டது! சற்று மிஞ்சினாலே நஞ்சாகும் மருந்து இது.

ஆகவே, புது மாத்திரை பழையதற்குச் சமமா என்று சோதிப்பது கட்டாயமாயிற்று. ஒருவருக்கே இரண்டையும் இடைவெளி விட்டுக் கொடுத்து இரத்தத்தை அளப்பார்கள். சரி, 24 பேரில் மூவர் முதல் சுற்றோடு நின்றுவிட்டால்?

இதே சிக்கலை வேளாண்மைப் புள்ளியியலார் முன்பே கண்டிருந்தனர். சில பாத்திகளின் விளைச்சல் தெரியாமற்போனால் அந்த இடங்களை நிரப்பிக் கணக்கிடும் வழியை 1933-இல் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட்டில் யேட்ஸ் வகுத்தார். நிரப்பிய எண் புதுச் செய்தி எதையும் தராது. கணக்கை எளிதாக்கும், அவ்வளவே. 1971-இல் பாட்டர்சனும் தாம்சனும் வெளியிட்ட முறையில் நிரப்பவே வேண்டியதில்லை. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் ஒரே ஆளுக்குள் உள்ள வேறுபாட்டையும் அது தனித்தனியே மதிப்பிடுவதால், மூவரின் அரைகுறை அளவுகளும் சிறிது பயன்படும். ஐரோப்பிய மருந்து முகமையோ, இரு சுற்றுச் சோதனையில் இரண்டு அளவும் இல்லாதவரை விட்டுவிடும்படி 2010-இல் கூறியது. இதில் பெரிய இழப்பில்லை என்பதே என் கருத்து.

மூவரும் ஏன் நின்றனர்? ஊருக்குப் போயிருந்தால் கவலையில்லை. நின்றதற்கும் நமக்குக் கிடைக்காத அந்த அளவுக்குமே தொடர்பு இருந்தால், காரணத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். 1976-இல் ரூபின் இதைத் தெளிவாக்கினார். அந்நிலையில் மேற்சொன்ன எந்த வழியும் பிழையான விடையைத் தரக்கூடும்.