காலனி: நாடு உதறிய சொல், சேரி சுமந்த சொல்



சிலமலைக்கு மேற்கே நிற்கும் மலையை ஏலமலை என்கிறோம். அங்கே விளையும் சரக்கே அதன் பெயர். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து போடிமெட்டு ஏறி, ஏலம் பறித்துவிட்டு இருட்டியபின் இறங்கும் பெண்களின் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. பெயர் வைப்பவர் யார், எதை வைத்துப் பெயர் வைக்கிறார் என்ற கேள்வியை இங்கிருந்தே தொடங்கலாம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு நிலத்துக்கு வெள்ளையர் இட்ட பெயர் தங்கக் கடற்கரை. அவர்களுக்குத் தெரிந்தது தங்கம் மட்டுமே. 1957இல் விடுதலை பெற்றதும் அது கானா ஆனது. சிசில் ரோட்ஸ் என்ற தனிமனிதரின் பெயரைச் சுமந்த ரொடீசியா, 1980இல் ஜிம்பாப்வே ஆனது. மாட்டுக்குச் சூடு போடுவதுபோல உடைமையாளன் இட்ட அடையாளம் அந்தப் பெயர். விடுதலை பெற்ற மக்கள் அதை அழிப்பது நியாயம்.

ஆனால் புதுப் பெயரை யாருக்காக வைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். சிலோன் 1972 மே 22 அன்று குடியரசாகி, ஸ்ரீலங்கா ஆனது. அதே அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. தேயிலைத் தோட்டத் தமிழர்களோ 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் ஏற்கெனவே நாடற்றவர்கள். 1964 ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவர்களைக் கேட்டு அல்ல. அவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குப் போன ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள். நாட்டின் பெயர் மாறியது. அவர்கள் பறித்த தேயிலை இன்றும் ‘சிலோன் டீ’ என்றே விற்கிறது. சரக்குக்கு இருந்த மதிப்பு ஆளுக்கு இல்லை.

நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரி 1956இல் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். 1967இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. அதில் நமக்கும் பெருமை உண்டு. ஆனால் பெயருக்கான போராட்டத்தை நம் முன்னோர் அதற்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். இழிசொல்லை நீக்கி ‘ஆதிதிராவிடர்’ என்று அரசு எழுத வேண்டும் என எம்.சி. ராஜா போன்றோர் போராடி 1922இல் வென்றார்கள். ‘ஹரிஜன்’ என்ற பெயரைச் சட்டத்தில் புகுத்தியதை எதிர்த்து 1938இல் பம்பாய் சட்டமன்றத்திலிருந்து அம்பேத்கர் வெளிநடப்புச் செய்தார். இழிவான பெயரும் வேண்டாம், இரக்கப்பட்டு இடும் பெயரும் வேண்டாம். எங்கள் பெயரை நாங்களே சொல்வோம் என்பதே அந்த மரபு.

1947இல் இந்தியா காலனியாக இருப்பது முடிந்தது. நம் தெரு மட்டும் ‘காலனி’யாகவே நீடித்தது. ஊர் ஊராகவும் நாம் காலனியாகவும் இருந்தோம். எந்த ஊர் என்று கேட்பவரிடம் “காலனி” என்றால் சாதியைச் சொன்னதாகிவிடும். மலைக்கு அப்பால் கேரளத்தில் 2024 ஜூனில், அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன் பதவி விலகும் முன் அந்தச் சொல்லை நீக்க ஆணையிட்டார். 2025 ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ நீக்கப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. திரமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் நமக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பழைய கிராமக் கணக்குகளில் ‘டி.சி. நிலம்’ என்ற குறிப்பை வைத்தே அடையாளம் காண்கிறோம். அந்தப் பெயரும் இழிவின் பெயர்தான். அதை அழித்துவிட்டால் நில மீட்புக்கான சாட்சியும் அழியும். ஆகவே பெயர்ப்பலகையில் மாற்றுங்கள்; பழைய பதிவேட்டைப் பாதுகாத்து வையுங்கள்.

மாணவர்களே, உங்கள் தெருவின் புதுப் பெயரைத் தெருமக்கள் கூடி முடிவு செய்யட்டும். அதே கூட்டத்தில் எத்தனை வீட்டுக்குப் பட்டா இருக்கிறது, சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா என்றும் எழுதுங்கள். இரண்டு தாள்களும் ஒன்றாகவே வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகட்டும்.

ஜெய்பீம்.