சொயாதி

துருக்கிய மொழியில் குடும்பப்பெயருக்குச் ‘சொயாதி’ என்று பெயர். ‘சொய்’ என்றால் வமிசம். ‘ஆத்’ என்றால் பெயர். இவற்றுள் ‘ஆத்’ மிகப் பழையது. மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் உள்ள 8-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கூல் தெகின் என்ற இளவரசன் ஆண்மகனுக்குரிய பெயர் பெற்றதை இந்தச் சொல்லால்தான் சொல்கிறது.

ஒட்டோமான் ஆட்சியில் முஸ்லிம்கள் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயர், ஊர்ப்பெயர், ‘லகப்’ என்ற பட்டப்பெயர், பின்னால் பாஷா அல்லது எஃபெந்தி என்ற மரியாதைப் பட்டம், அவ்வளவுதான். ஆர்மீனியரும் கிரேக்கரும் அப்படியல்ல. அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக வந்த குடும்பப்பெயர்கள் இருந்தன. ஆகவே 1934 ஜூன் 21 அன்று குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கிய துருக்கியக் குடியரசின் 2525-ஆம் எண் சட்டம், ஒரு சாராருக்கு இல்லாததைக் கொடுத்தது. இன்னொரு சாராரிடம் இருந்ததில் கைவைத்தது.

பதவிப் பெயர், குலப் பெயர், அந்நிய இன, தேசப் பெயர் எதுவும் கூடாது என்றது அதன் 3-ஆம் பிரிவு. குலப் பெயரைத் தடுத்தது குர்துகளை நேரே தொட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த விதிகள் விகுதிகளையே பட்டியலிட்டன: ஆர்மீனியரின் ‘யான்’, கிரேக்கரின் ‘புலோஸ்’, ஸ்லாவியரின் ‘ஒஃப்’, ‘விச்’. ‘யான்’ என்பது இன்னார் வழிவந்தவர் என்று காட்டும் விகுதி. ‘இன்னார் மகன்’ என்னும் துருக்கிய ‘ஓலு’வுக்குத் தடையில்லை. பொருள் ஏறக்குறைய ஒன்றே, மொழிதான் குற்றமாயிற்று. நடைமுறையில் இஸ்தான்புல் ஆர்மீனியர் பலர் ‘யான்’ விகுதியைக் காப்பாற்றிக்கொண்டார்கள், பலர் வெட்டிவிட்டார்கள். ‘அசல் துருக்கியர்’ என்று பொருள்படும் ‘ஒஸ்துர்க்’ இன்று அந்நாட்டில் மிகப் பரவலான குடும்பப்பெயர்களுள் ஒன்று. குர்துக் குடும்பங்களிலும் அது உண்டு.

என்னை விடாமல் உறுத்துவது ஆகோப் மர்த்தயானின் வாழ்க்கை. 1895-இல் இஸ்தான்புல்லில் பிறந்த ஆர்மீனியர், பெரும் மொழியியலாளர். துருக்கிய மொழிக் கழகத்தில் தலைமை வல்லுநராக இருந்து அந்த மொழிக்காகவே உழைத்தார். குடியரசுத் தலைவர் முஸ்தபா கெமாலுக்கு நாடாளுமன்றம் ‘அதாதுர்க்’ என்ற பெயரைச் சூட்டியது 1934 நவம்பர் 24 அன்று. அந்த அதாதுர்க்கே மர்த்தயானுக்குத் ‘திலாச்சார்’ என்று பெயரிட்டார்: மொழியைத் திறப்பவர். மனமார்ந்த மரியாதைதான், ஐயமில்லை. ஆனால் அதில் மர்த்தயான் இல்லை. நூல்களில் அவர் ‘ஆ. திலாச்சார்’ என்றே அறியப்பட்டார். ஆர்மீனியர் என்று காட்டக்கூடிய முதற்பெயரும் ஓரெழுத்தாகச் சுருங்கியது.

சட்டம் இன்னும் பழங்கதையாகவில்லை. தன் முன்னோரின் சிரியாக் பெயரைத் திரும்பக் கேட்ட ஒரு கிறித்தவரின் வழக்கில், ‘அந்நிய இன, தேசப் பெயர்’ என்ற அந்தத் தடையை நீக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2011-இல் மறுத்துவிட்டது.