மருந்தில் தற்சார்பு: வங்கதேசம் காட்டும் வழி

அரசியல் விடுதலை பெற்ற நாடெல்லாம் மருந்தில் விடுதலை பெற்றுவிடுவதில்லை. வங்கதேசம் பிறந்து பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் அதன் மருந்துச் சந்தையில் பெரும்பங்கு எட்டுப் பன்னாட்டு நிறுவனங்களிடமே இருந்தது. மக்களை வாட்டியவை வயிற்றுப்போக்கும் காசநோயும் குடற்புழுவும். கடைகளில் மலிந்திருந்தவையோ சத்து டானிக்குகளும் பயனற்ற இருமல் கலவைகளும்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர் மருத்துவர் ஜஃப்ருல்லா சௌத்ரி. இங்கிலாந்தில் அறுவை மருத்துவ மேற்பயிற்சியில் இருந்த அவர், 1971 விடுதலைப் போரின்போது அதை விட்டுவந்து, திரிபுராவில் 480 படுக்கைகள் கொண்ட போர்க்கள மருத்துவமனை ஒன்றை அமைப்பதில் பங்கேற்றார். போர் முடிந்ததும் அப்பணி டாக்காவை அடுத்த சாவரில் ‘கணசுவாஸ்த்ய கேந்திரா’ என்னும் மக்கள் நலவாழ்வு மையமாக வளர்ந்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்று மருத்துவம் பார்த்தனர். ஆனால் நோயை அறிந்து சொல்ல ஆள் இருந்தும், மருந்து வாங்க ஏழைகளிடம் பணமில்லை. ஆகவே 1981இல் அம்மையம் தானே ஒரு மருந்தாலையைத் தொடங்கி, இன்றியமையா மருந்துகளைப் பொதுப் பெயரில், குறைந்த விலையில் தரலாயிற்று.

ஓர் ஆலையால் ஒரு நாட்டின் தேவையை நிறைவு செய்ய இயலாது. அதற்குச் சட்டத்தின் துணை வேண்டும். 1982இல் பேராசிரியர் நூருல் இஸ்லாம் தலைமையில் எட்டுப் பேர் கொண்ட வல்லுநர் குழு அமைந்தது. ஜஃப்ருல்லா அதில் ஓர் உறுப்பினர். குழுவின் பரிந்துரைப்படி பிறந்த தேசிய மருந்துக் கொள்கை 150 மருந்துகளை இன்றியமையாதவை என வரையறுத்தது. பயனற்றவை, தீங்கானவை, தேவையற்றவை என ஏறத்தாழ 1,700 மருந்துகளை விலக்கியது. அமில முறிவு மருந்து, விட்டமின் போன்ற எளிய தயாரிப்புகளை உள்நாட்டு நிறுவனங்களுக்கென ஒதுக்கியது. மூலப்பொருள் விலையையும் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு அரசுகள் நெருக்கின. உள்நாட்டு மருத்துவர் சங்கமும் எதிர்த்தது. எனினும் கொள்கையின் அடித்தளம் நிலைத்தது.

இதற்கு முன்னோடி இலங்கை. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அங்கே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. வேண்டிய மருந்துகளைப் பட்டியலிட்டு, பொதுப் பெயரில் மொத்தமாகக் கொள்முதல் செய்யும் முறையை அவர் நிறுவினார். உலக சுகாதார நிறுவனம் தன் முதல் இன்றியமையா மருந்துப் பட்டியலை வெளியிட்டது அதற்கு ஆறாண்டுகள் கழித்து, 1977இல்.

இன்று வங்கதேசத்தின் மருந்துத் தேவையில் 95 விழுக்காட்டுக்கும் மேல் உள்நாட்டு ஆலைகளே நிறைவு செய்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஏற்றுமதியும் நடக்கிறது. ஆனால் இந்த வெற்றிக்கு நடுவே ஒரு பெருந்துயரமும் உண்டு. 1990 முதல் 1992 வரை டாக்காவில் 339 குழந்தைகள் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாயினர். அவர்களுள் பெரும்பாலோர் இறந்தனர். உள்நாட்டில் தயாரித்த பாராசிட்டமால் மருந்துநீரில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுக் கரைப்பான் கலந்திருந்ததே காரணம். மருந்தாலைகள் பெருகும் வேகத்தில் ஆய்வுக்கூடங்களும் ஆய்வாளர்களும் பெருகாவிட்டால் விளைவு இதுதான்.

மற்றொரு குறை மூலப்பொருள். மாத்திரை வங்கதேசத்தில் உருவானாலும், அதன் செயல்படு வேதிப்பொருள் பெரும்பாலும் சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்துமே வருகிறது. முன்ஷிகஞ்ச் மாவட்டத்தின் கஜாரியாவில் இதற்கெனத் தொழிற்பூங்கா அமைக்கும் பணி மெதுவாகவே நகர்ந்துள்ளது. காலமோ காத்திருக்கவில்லை. குறைந்த வளர்ச்சி நாடுகளின் பட்டியலில் உள்ளவற்றுக்கு மருந்துக் காப்புரிமையிலிருந்து 2033 தொடக்கம் வரை உலக வணிக அமைப்பு விலக்களித்துள்ளது. அப்பட்டியலிலிருந்து வெளியேறும் நாடு, வங்கதேசம் உட்பட, இந்த விலக்கையும் இழக்கும்.

தன் தடுப்பூசித் தேவையில் 60 விழுக்காட்டை 2040க்குள் தானே உற்பத்தி செய்ய ஆப்பிரிக்க ஒன்றியம் இலக்கு வகுத்திருக்கிறது. அதற்கும், இதே பாதையில் அடியெடுத்து வைக்கும் பிற நாடுகளுக்கும் வங்கதேசத்தின் அனுபவம் ஒரு வரிசையைக் கற்பிக்கிறது. முதலில் மக்களுக்கு வேண்டிய மருந்துகளின் பட்டியல், அடுத்து அதைக் காக்கும் சட்டம், ஆலை எழும்போதே தரம் காணும் ஆய்வுக்கூடம், பிறகு மூலப்பொருள். இவற்றுள் ஆய்வுக்கூடத்தை மட்டும் எந்த நாடும் எக்காரணத்துக்காகவும் பின்னுக்குத் தள்ளிவிடக் கூடாது.