கறுப்புத் திரையில் ஒரு மாதக் கடைசி

பையன் போன வாரம் லேப்டாப்பில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். "இது ஷெல்ப்பா, காலேஜ் பாடம். உங்களுக்குப் புரியாது" என்றான். பி.காம். படித்த அப்பா என்றால் அவ்வளவு இளப்பம் :-) அவனை உட்காரவைத்துச் சொன்ன கதைதான் இது.

கம்ப்யூட்டரிடம் வேலை வாங்க இரண்டு வழி. ஒன்று அண்ணாச்சி கடை மாதிரி. ஒன்று கேட்போம், அவர் நிறுத்துத் தருவார், பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்போம். இன்னொன்று மாவு மில் மாதிரி. தூக்கை வைத்துவிட்டுப் போய், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வோம். முதலாவது இண்டராக்டிவ், இரண்டாவது பேட்ச்.

முதலில் வந்தது மாவு மில்தான். சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஐ.பி.எம். 370 வந்த காலத்தில், துளையிட்ட அட்டைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு கமா விட்டுப்போயிருந்தால் அட்டையைத் திருத்தி மறுபடி வரிசை.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1961-லேயே, ஒரே மெஷினில் பலர் ஆளுக்கொரு டெர்மினலில் உட்கார்ந்து பேசும் முறையைச் செய்து காட்டிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரருக்கு ஒரு யோசனை. தினமும் அதே கட்டளைகளை எதற்குத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும்? ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்தால் போதாதா? அதற்கு ரன்காம் என்று ஒரு நிரல் எழுதினார். 'ஷெல்' என்ற பெயரும் அவர் வைத்ததுதான். 1971-ல் கென் தாம்ஸன் யூனிக்ஸுக்கு முதல் ஷெல்லை எழுத, 1979-ல் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் உலகம் முழுக்கப் பரவியது.

இதில் அழகு என்னவென்றால், கையால் அடிக்கும் அதே வரிகளைக் கோப்பில் போட்டால் அதுவே ஸ்க்ரிப்ட். அண்ணாச்சி கடையும் மாவு மில்லும் ஒரே கூரையின் கீழ்!

நம்மூர் வங்கிகளுக்குள் கம்ப்யூட்டர் வந்தது சுலபமாக இல்லை. வேலை போய்விடும் என்று தொழிற்சங்கங்கள் பயந்தன. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. 1983-ல் சங்கங்களோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அரியலூர்க்காரரான சி. ரங்கராஜன், அப்போது ரிசர்வ் வங்கியின் துணை கவர்னர், தலைமை தாங்கிய குழு 1984-ல் அறிக்கை கொடுத்தது. லெட்ஜர் போஸ்டிங் மெஷின்களும், கூடவே யூனிக்ஸும் கிளைகளுக்குள் நுழைந்தது அதற்குப் பிறகுதான்.

நான் 2005-ல் டெல்லியில் ஒரு கிளையில் சேர்ந்தபோது அந்த உலகத்தின் கடைசிக் காலம். ஒரு மூலையில் சர்வர், கவுண்டர்களில் டெர்மினல்கள். பகலில் எல்லாம் இண்டராக்டிவ்: வாடிக்கையாளர் நிற்பார், கணக்கு எண்ணைத் தட்டுவோம், இருப்பு தெரியும். ஷட்டர் இறக்கியதும் பேட்ச்: டே-எண்ட். அன்றைய வரவு செலவைக் கூட்டி, சரிபார்த்து, பேக்-அப் எடுத்து முடிக்க ராத்திரி ஆகும்.

மாதக் கடைசியில் பென்ஷன் கோப்பு பிளாப்பியில் வரும். மூன்று வேலைகள்: சர்வருக்கு நகலெடுக்க வேண்டும், கணக்குகளில் வரவு வைக்க வேண்டும், அறிக்கை அச்சடிக்க வேண்டும். மாதா மாதம் கையால் அடித்து அலுத்துப்போய், மூன்று வரிகளையும் ஒரு ஸ்க்ரிப்டில் போட்டேன். பெயரைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். என்ன பெருமை தெரியுமா!

மறுநாள் காலை ஆர்.கே.புரத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். நம்மூர்க்காரர். கணவர் மத்திய அரசில் ஓய்வு பெற்றவர், இரண்டு மாதம் முன்பு இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியம் முதல் தடவையாக அன்றுதான் வர வேண்டும். அவர் கணக்கில் ஒன்றும் இல்லை. ஆனால் கணவரின் பழைய கணக்கில் வழக்கமான பென்ஷன் ஏறியிருந்தது.

"அவருக்கா வந்திருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். பிளாப்பி கெட்டுப்போயிருந்தது, முதல் வரி தோற்றுவிட்டது. ஆனால் ஷெல்லுக்கு ஒரு குணம் உண்டு. நாம் சொல்லி வைக்காவிட்டால், ஒரு வரி தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய்விடும். சர்வரில் கிடந்த போன மாதக் கோப்பையே எடுத்து எல்லோருக்கும் வரவு வைத்துவிட்டது. கையால் அடித்திருந்தால் திரையில் பிழையைப் பார்த்திருப்பேன், நிறுத்தியிருப்பேன். டீக்கடையில் நின்றவன் எதைப் பார்க்க?

அன்று மாலை ஏழு மணி வரை ஒவ்வொரு கணக்காகக் கையாலேயே திருத்தினோம். அந்த அம்மாவுக்கு மட்டும் முதலில், மதியத்துக்குள். மேலதிகாரி திட்டவில்லை. "தோற்றுவிட்டேன் என்று மெஷின் சொல்லியிருக்கும். நீ கேட்டாயா?" என்றார். உண்மைதான். யூனிக்ஸில் ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். பூஜ்யம் என்றால் வெற்றி, வேறு எது என்றாலும் தோல்வி. அதைப் பார்த்து நிற்கச் சொல்லும் வரிகளை அன்றிரவே சேர்த்தேன். கோப்பில் இருக்கும் மாதத்தையும் சரிபார்க்கச் சொன்னேன்.

இதற்காகப் பேட்சைக் குறை சொல்ல முடியாது. 2010 மார்ச் வரை சேமிப்புக் கணக்கு வட்டி எப்படிப் போட்டார்கள் என்று நினைவிருக்கிறதா? 10-ம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான். கையால் லெட்ஜர் எழுதிய காலத்து வழக்கம் அது. மாதம் முழுக்க ஒரு லட்சம் வைத்திருந்து 28-ம் தேதி 95,000 எடுத்தால், மீதி 5,000-க்குத்தான் வட்டி. 3.5 சதவீதத்தில் 15 ரூபாய்கூடத் தேறாது. 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. அதே 30 நாள் மாதத்துக்கு ஏறக்குறைய 260 ரூபாய். கோடிக்கணக்கான கணக்குகளுக்குத் தினமும் இதைச் செய்ய ராத்திரியில் ஓடும் பேட்ச் இல்லாமல் முடியாது.

இப்போது எல்லாமே கேட்டவுடன் பதில் என்று தோன்றுகிறது. ஊரில் அம்மாவுக்கு நெஃப்ட்டில் பணம் அனுப்புகிறோம். 2019 டிசம்பரிலிருந்து அது 24 மணி நேரமும் உண்டு, ஆனால் உள்ளே இன்னமும் அரை மணிக்கொரு பேட்ச்தான். யு.பி.ஐ.யில் நமக்கு நொடியில் முடிந்தாலும், வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்ப்பது தொகுதி தொகுதியாகத்தான். செக் மட்டும் 2025 அக்டோபர் 4 முதல் பேட்சை விட்டு, தொடர்ந்து கிளியர் ஆகும் முறைக்கு வந்திருக்கிறது.

பையன் கடைசியில் கேட்டான்: "அப்ப எதுப்பா நல்லது?"

முதலில் கையால் அடித்துப் பார். ஒவ்வொரு வரியும் தோற்றால் என்ன ஆகும் என்று யோசி. அதன் பிறகு கோப்பில் போடு. மறுநாள் காலையில் கவுண்டருக்கு முன்னால் யாரோ ஒருத்தர் பாஸ்புக்கோடு வந்து நிற்பார் என்பதை மட்டும் மறக்காதே.

தலையாட்டினான். பிறகு தன் ஸ்க்ரிப்டைத் திறந்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.