விநாடிக்கு இருபத்துநான்கு

ஒரு திரைப்படத்தை ப்ளூ-ரே வட்டில் பதிப்பிக்க இன்று கணினியின் முன் அமர்பவர், மற்ற எதற்கும் முன்பாக விடை சொல்லியாக வேண்டிய கேள்வி, இந்தப் படம் விநாடிக்கு எத்தனை பிரேம் ஓட வேண்டும் என்பதே. 24, 25, 29.97 என்று எதிரே நிற்கும் எண்களுக்கு நடுவில் 23.976 என்ற விசித்திரமான எண்ணும் கிடப்பதைக் கண்டு, இது ஏதோ யந்திரத்தின் கோளாறு என்று புதியவர்கள் எண்ணிவிடுவதுண்டு. உண்மையில் அவற்றில் ஒவ்வோர் எண்ணும், கண்ணுக்கும் காதுக்கும் இடையே சமாதானம் செய்துவைக்கச் சென்ற நூற்றாண்டில் சிலர் பட்ட பிரயாசையின் சாட்சியாகும்.

ஊமைப்பட காலத்தில் நிர்ணயமான வேகம் என்று ஒன்று இருந்ததில்லை. கைப்பிடியைச் சுழற்றிப் படம் பிடித்தவரின் கைப்பழக்கமே வேகம். லூமியேர் சகோதரர்கள் விநாடிக்குச் சுமார் 16 பிரேம் எடுத்தார்கள். கொட்டகையில் ஓட்டுபவரோ தம் விருப்பப்படி அதை விரைவாகவும் ஓட்டினார். கண் இந்த வித்தியாசங்களைப் பொறுத்துக்கொண்டது. காது பொறுக்கவில்லை. 1926ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நியூயார்க் நகரில் வார்னர் சகோதரர்கள் ‘டான் ஜுவான்’ படத்தை வைட்டாஃபோன் என்ற சாதனத்தின் மூலம் இசையோடு காட்டியபோது, வேகம் இம்மியளவு மாறினாலும் சுருதி ஏறி இறங்கும் என்பதால், ஒரே வேகத்தை நிலைநிறுத்த வேண்டிய அவசியம் உண்டாயிற்று. நிமிஷத்துக்கு 90 அடி என்று முடிவாயிற்று. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் அடிக்கு 16 பிரேம். ஆகவே நிமிஷத்துக்கு 1,440. ஆகவே விநாடிக்கு 24. சினிமாவின் மூல சுருதி என்று நாம் இன்று கருதும் எண், இவ்வாறு அடிக்கணக்கில் பிறந்ததுதான்.

அந்த வைட்டாஃபோனிலும் சப்தம் வட்டில்தான் இருந்தது என்பதை நான் வியப்போடு நினைத்துக்கொள்வதுண்டு. பதினாறு அங்குல இசைத்தட்டு ஒன்று, 1,000 அடிச் சுருள் ஒன்று ஓடி முடியும் பதினோரு நிமிஷமும் அதனுடன் சேர்ந்து சுழல வேண்டும். ஃபிலிம் அறுந்துபோய், கெட்ட பிரேம்களை வெட்டி ஒட்டிவிட்டால், அந்த இடத்திலிருந்து உதடு ஒன்று பேச, ஒலி வேறொன்று பேசும். ஆகவே வெட்டிய பிரேம் எத்தனையோ அத்தனை கறுப்பு பிரேம்களை எண்ணிச் சேர்த்து ஒட்டினார்கள். பார்ப்பவருக்கு ஒரு க்ஷணம் இருட்டு. ஆனால் சொல்லும் வாயும் பிரியவில்லை.

தொலைக்காட்சி வந்தபோது, வேகத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மின்சார நிலையத்தின் கைக்குப் போயிற்று. மின்னோட்டத்தின் அதிர்வோடு படத்தின் வேகம் ஒத்துப்போகாவிட்டால், அக்காலத்துப் பெட்டிகளில் திரையின் குறுக்கே நிழல் பட்டைகள் ஊர்ந்து செல்லும். ஆகவே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஐரோப்பா விநாடிக்கு 25 பிரேமையும், 60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்கா 30 பிரேமையும் கைக்கொண்டன. ஒரு பிரேமை ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு ஃபீல்டுகளாகப் பிரித்து அனுப்பும் முறையும் அப்போதே நிலைபெற்றது.

சினிமாவின் 24 இவ்விரண்டிலும் அடங்கவில்லை. அமெரிக்கர்கள் ஓர் உபாயம் செய்தார்கள்: முதல் பிரேமுக்கு இரண்டு ஃபீல்டு, அடுத்ததற்கு மூன்று, மறுபடி இரண்டு, மறுபடி மூன்று, நான்கு பிரேம் பத்து ஃபீல்டாகி ஐந்து தொலைக்காட்சிப் பிரேமாயிற்று. கணக்கு நேராயிற்றே ஒழிய அசைவு நேராகவில்லை. காமிரா ஒரு வீதியின் வழியே மெல்லத் திரும்பும் காட்சியில், ஒரு கணம் நீண்டும் மறு கணம் குறுகியும் நின்று, படம் நொண்டுவதைக் காணலாம். ஐரோப்பியர்களோ உபாயம் எதுவும் தேடாமல் 24ஐ 25 ஆக ஓட்டிவிட்டார்கள். அசைவு சீராயிற்று, சுருதி ஏறிவிட்டது. 1975இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது நாமும் இந்த 25இன் பரம்பரையிலேயே சேர்ந்தோம். ஒரு கட்டை சுருதியில் பாடியவர், பெட்டியில் ஒன்றரைக் கட்டையை நெருங்கிவிடுகிறார். 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. அந்தப் பாடகரின் குரலை நேசிப்பவர்களுக்கு இது சிறிய நஷ்டமன்று என்பது என் அபிப்பிராயம்.

விசித்திர எண் பிறந்தது 1953இன் இறுதியில், அமெரிக்காவில் வர்ணத் தொலைக்காட்சிக்கு அங்கீகாரம் கிடைத்தபோது. புதிதாகச் சேர்த்த வர்ண அலை, பழைய சப்த அலையோடு மோதித் திரையில் புள்ளிக்கோலம் போடும் என்ற பயம் எழுந்தது. சப்த அலையை நகர்த்தினால், மக்கள் ஏற்கெனவே வாங்கிவைத்திருந்த கறுப்பு-வெள்ளைப் பெட்டிகளுக்கு இடையூறு நேரலாம். ஆகவே படத்தின் வேகத்தையே ஆயிரத்தொன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். 30 பிரேம் 29.97 ஆயிற்று, அதற்குள் அடங்க வேண்டிய சினிமாவின் 24உம் 23.976 ஆயிற்று.

டிவிடியின் காலம் வரையில் வட்டு இந்தப் பழைய எல்லைகளுக்குள்ளேயே சுழன்றது. 2006இல் வந்த ப்ளூ-ரேதான் 1080 வரி முழுப் படத்தை, ஃபீல்டாகப் பிரிக்காமல், 24இலோ 23.976இலோ அப்படியே வைக்க இடமளித்தது. ஆனால் 25ஐயும் 29.97ஐயும் அந்த அளவில் ஃபீல்டாகப் பிரித்தே ஏற்றுக்கொண்டது. 25 பிரேமில் எடுத்ததை விநாடிக்கு 50 ஃபீல்டாகக் கட்டி வைக்க வேண்டும். அவ்வாறு கட்டிய வட்டை அமெரிக்காவின் தொலைக்காட்சிப் பெட்டிகள் பல ஏற்பதில்லை. 24க்கும் 23.976க்கும் பேதமில்லை என்று அலட்சியம் செய்பவர்களுக்கு நேரும் விபத்து இன்னும் நுட்பமானது: படம் ஒன்றிலும் ஒலி மற்றொன்றிலும் இருந்தால், முதல் நிமிஷத்தில் விலகல் ஒன்றரைப் பிரேம், எவரும் அறியார். பத்தாவது நிமிஷத்தில் அரை விநாடிக்கு மேல். கதவு சாத்திய பிறகு சத்தம் கேட்கும். ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி, ஒருவர் பேசி வாய் மூடிய பின் அவர் சொல் மற்றவர் முகத்தின் மேல் வந்து விழும். கறுப்பு பிரேம்களை எண்ணி ஒட்டிய வைட்டாஃபோன்காரர் அஞ்சியது இதற்குத்தான்.

ஆகவே, தொலைக்காட்சிக்காக 25இல் ஏற்றிய நாடாக்களிலிருந்து நம் பழைய படங்களை வட்டில் பதிப்பிப்போருக்கு ஒரு வேண்டுகோள். அந்த 25ஐ அப்படியே வாங்கி வைத்துவிடாதீர்கள். பிரேம் எதையும் கூட்டாமல் குறைக்காமல் 24க்கு இறக்குங்கள், ஒலியையும் அதே விகிதத்தில் உடன் இறக்குங்கள். 144 நிமிஷம் மறுபடி 150 ஆகும். பாடகரும் தம் கட்டைக்குத் திரும்புவார்.