பம்பரமும் பழங்கதையும்

கி.மு. 164இல் எருசலேம் ஆலயம் மீள அர்ப்பணிக்கப்பட்டமையை நினைவுகூர்வது யூதரின் ஹனுக்கா விழா. அவ்விழாவிற் சிறுவர் சுழற்றும் நாற்பக்கப் பம்பரம் டிரைடல் எனப்படும். செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் மறைநூற் கல்வியைத் தடைசெய்தபோது, இரகசியமாகக் கற்றோர் படைவீரரைக் கண்டதும் பம்பரம் ஆடுவோர்போல நடித்தனர் என்பது மரபுக்கதை.

ஆட்ட விதிகளை நோக்குமிடத்து வேறொரு வரலாற்றைக் காண்கின்றோம். பக்கங்களிலுள்ள நூன், கிமெல், ஹே, ஷின் ஆகிய எபிரேய எழுத்துக்கள் 'ஒன்றுமில்லை', 'முழுவதும்', 'பாதி', 'உள்ளே வை' எனப் பொருள்படும் இத்திஷ் சொற்களின் முதலெழுத்துக்களாகும். இவ்விதிகளையே கொண்ட, இலத்தீன் எழுத்துப் பொறித்த சூதுப் பம்பரம் ஜேர்மன் மக்களிடையே வழங்கியது. அயலாரின் சூதாட்டமே யூதர் இல்லங்களிற் புகுந்தது எனலாம். 'பேரற்புதம் அங்கே நிகழ்ந்தது' என்னும் பொருள் அவ்வெழுத்துக்களுக்குப் பின்னர் கற்பிக்கப்பட்டதாகும். இஸ்ரேலிலோ ஷின்னுக்குப் பதிலாகப் பே பொறிக்கப்பட்டு, 'அங்கே' என்பது 'இங்கே' என மாறியது. வாழ்நிலை மாறப் பொருளும் மாறியமை மனங்கொள்ளத்தக்கது.

எனினும், கதையை வெறும் பொய்யென ஒதுக்குதல் இயங்கியல் நோக்காகாது. அது அந்தியோக்கஸ் காலத்துக்குச் சான்றன்று. ஐரோப்பாவில் ஒடுக்கப்பட்ட சிறுபான்மையினர், இரவலாகப் பெற்ற விளையாட்டையும் தமது எதிர்ப்புணர்வின் சின்னமாக்கிக் கொண்டமைக்கே சான்றாகும். நாட்டார் வழக்காறுகளை ஆராய்கையில் அவற்றின் தோற்றத்தோடு, அவற்றுக்குப் புதுப்பொருள் கற்பித்த சமூகத் தேவையையும் நாம் வினவுதல் வேண்டும்.