ஆலையைத் தேடி ஆளா, ஆளைத் தேடி ஆலையா?

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்கு 1862ஆம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டது. 1871ல் அப்பாதை ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. பாதை வந்ததே தவிர, அதன் பின்னால் ஆலைகள் அணிவகுத்து வந்துவிடவில்லை. 1964ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஏற்பட்டபின் நம் இளைஞர் பலரை அவ்வண்டியே சென்னைக்கு ஏற்றிச் சென்றது.

சித்தூர்ப் பக்கத்தில் கூலி குறைவாயிற்றே, முதலாளிகள் ஏன் இங்கு வரவில்லை என்று கேட்கத் தோன்றும். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் கடைசல்காரர் விலகினால் மறுநாளே அடுத்த தெருவிலிருந்து வேறொருவர் கிடைப்பார். நாட்டுப்புறத்திலோ இயந்திரம் பழுதானால், சென்னையிலிருந்து ஆள் வரும்வரை அது உறங்கும். கூலி மட்டும் ஓடும். கூலி மலிவாயிருந்தும் சரக்கு மலிவாக முடியாமற் போவது இதனால்தான்.

இக்கணக்கை மாற்றிப் போட்டவர் கல்லா இராமச்சந்திர நாயுடு. அமெரிக்காவில் பொறியியலாளராய் இருந்து திரும்பிய அவர், 1985ல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் மின்கல ஆலை எழுந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிப்பது செலவுதான். ஆனால் வீடும் நிலமும் அருகில் உள்ளவன், கற்ற கையோடு வேலையை விட்டு எளிதில் ஓடமாட்டான் என்பது நம் கருத்து.

1960ல் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நகரி இப்புறம், பொதட்டூர்ப்பேட்டை அப்புறம், இரண்டிலும் தறிதான். ஆயினும் குறைந்தபட்சக் கூலியை 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி இரு அரசுகளும் தனித்தனியே நிர்ணயித்து வந்தன. கோடு கிழித்தவர்கள் தறியைக் கேட்டா கிழித்தார்கள்!

அக்கோட்டையே ஆதாயமாக்கிக்கொண்டது, சத்தியவேடு அருகே 2008ல் தொடங்கிய ஸ்ரீசிட்டி. சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டர். துறைமுகமும் தேர்ந்த பொறியியலாளரும் சென்னையில். இயந்திர வரிசையில் நிற்க இளைஞரும் பெண்களும் சுற்றுக் கிராமங்களில். 2015ல் ஃபாக்ஸ்கான் அங்குச் செல்பேசி பூட்டத் தொடங்கியது. 2016ல் இசுசு வாகன ஆலை திறக்கப்பட்டது.

டிப்ளமா முடித்த நம் மகனுக்கு இவ்வாண்டு இரு அழைப்புகள் வந்தன. சென்னைப் பக்கத்தில் சம்பளம் அதிகம். இங்கு வீட்டுச் சோறு. அறை வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் கழித்து நாம் காகிதத்தில் கணக்கிட்டோம், வித்தியாசம் சொற்பமே. “அங்கே போனால் வேலை நன்றாகக் கற்கலாமப்பா” என்கிறான் அவன். அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று நமக்கு இன்னும் விளங்கவில்லை. அவன் தாயார் காகிதத்தைப் பார்க்கவேயில்லை.